சப்பாணி கொட்டும் பருவம்

எங்கள் பக்கத்தில் ‘உட்கார்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘குந்து’தான். "வாம்மா, குந்து." "குந்தித் தின்னு." "செத்த நேரம் குந்திட்டுப் போயேன்." வில்லியனூரில் தொடங்கி, திருபுவனை, மதகடிப்பட்டு தாண்டி விழுப்புரம் வரைக்கும் இதுதான் வீட்டுப் பேச்சு. ‘உட்கார்’ என்பது பள்ளிக்கூடத்துச் சொல். அது பிள்ளைகளின் காதுக்கு வரும்போதே இன்னொரு சொல்லையும் கூட்டிக்கொண்டு வருகிறது: நிமிர்ந்து உட்கார். பன்னிரண்டு வருடம் படிக்கிற பிள்ளை இதை எத்தனை ஆயிரம் தடவை கேட்குமோ தெரியாது. சொல்லி முடித்த ஐந்தாவது நிமிடம் முதுகு பழையபடி வளைந்துவிடும் என்பது மட்டும் சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். திருபுவனையைச் சுற்றியிருக்கும் ஊர்களில் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறேன். எனக்கு வரும் வாட்ஸப் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். தரையில் நோட்டு, அதன்மேல் கவிழ்ந்த ஒரு தலை, கேள்விக்குறி மாதிரி ஒரு முதுகு. அனுப்புகிறவர்கள் தொழிற்பேட்டை கம்பெனிகளில் ஷிப்டு முடிந்து வந்த அம்மாக்கள். "மேடம், எப்பவும் இப்டிதான் குந்துறான். கூன் உழுந்துடுமா?" பெண் பிள்ளையாக இருந்தால் கேள்வி கொஞ்சம் நீளும். "பொட்டப்புள்ள மேடம். நாளைக்கு ஒருத்தன் வந்து பாக்கணும் இல்ல?" கூன் என்ற சொல்லுக்கு நம்மிடம் ஒரு பெரிய பயம் இருக்கிறது. ராமாயணத்தில் கெடுதல் செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டபோது கூனிதான் கிடைத்தாள்.

என் பதில் பல பேருக்கு ஏமாற்றமாக இருக்கும். வளைந்து உட்காரும் பழக்கம் மட்டும் ஒரு பிள்ளையின் முதுகெலும்பை நிரந்தரமாக வளைத்துவிடுவதில்லை. கவிழ்ந்து படுக்கச் சொல்லி, தலையையும் மார்பையும் தூக்கச் சொன்னால் அந்த வளைவு நேராகிவிடுகிறதா என்று பாருங்கள். நேரானால் அது பழக்கம், எலும்பில் மாற்றம் இல்லை. நேராகாமல் விறைப்பாகவே நின்றால்தான் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

நேரில் போகும்போது பிள்ளையை முதலில் உட்காரச் சொல்வதில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்வேன். தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, இடுப்பின் இரு பக்க வளைவும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பின்னாலிருந்து பார்ப்பேன். பிறகு, "ரெண்டு உள்ளங்கையையும் சேத்து வெச்சுக்கோ. முட்டி மடங்காம, கால் வெரலத் தொடப் போற மாதிரி மெதுவா குனி." இப்போது என் கண் அந்த முதுகின் மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்து விலா எலும்புகள் மட்டும் மேடுபோல எழுந்தால் அது பக்கவளைவு. ஆங்கில மருத்துவத்தில் ஸ்கோலியோசிஸ்.

இந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் கிடியன் மான்டெல் என்று ஒரு மருத்துவர் இருந்தார். இகுவானடான் என்ற டைனோசருக்குப் பெயர் வைத்தவர். வாழ்க்கையின் கடைசிக் காலத்தை முதுகுவலியோடு கழித்தார். 1852இல் அவர் இறந்த பிறகு சோதித்தபோது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, முறுக்கிக்கொண்டும் இருந்தது. அதை ஆராய்ந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற அறுவை மருத்துவர், 1865இல் முதுகெலும்பு வளைவுகள் பற்றிய தன் உரைகளைப் புத்தகமாக்கினார். குனியச் சொல்லிப் பார்க்கும் சோதனை இன்றைக்கும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. பக்கவளைவில் எலும்பு சாய்வதோடு நிற்பதில்லை, திருகவும் செய்கிறது. விலா எலும்புகளும் கூடவே திரும்புகின்றன. நிற்கும்போது மறைந்திருப்பது குனிந்தால் வெளியே தெரிந்துவிடும். செலவு ஒரு பைசா இல்லை.

பத்து வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பத்து டிகிரிக்கு மேற்பட்ட வளைவு இருக்கும். அதிலும் பெரும்பாலோருக்கு வைத்தியமே தேவைப்படாது. வளைவு கூடிக்கொண்டே போகிறவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். அவர்களுக்கு வளர்ச்சி நிற்பதற்குள் பட்டை போட்டால் பயன் உண்டு. 2013இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் பட்டை போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவுக்குப் போகவில்லை. போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் இது 48 சதவீதம். அதனால் நேரத்தோடு கண்டுபிடிப்பது முக்கியம். ஆனால் இந்த வளைவு உட்கார்ந்த விதத்தால் வந்ததில்லை, பை தூக்கியதாலும் வந்ததில்லை. திட்டினால் போகவும் போகாது. "நீ ஒழுங்கா குந்தியிருந்தா இது வந்திருக்குமா?" என்று மகளைக் கேட்கும் அம்மாவிடம் நான் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கப்புறம்தான் உட்காரச் சொல்வேன். அப்போதும் பார்ப்பது முதுகை அல்ல, பாதத்தை. பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையின் கால் தரையைத் தொடாமல் தொங்கினால் உடம்பு தானாக முன்னால் சறுக்கும். சறுக்கினால் இடுப்பெலும்பு பின்பக்கம் உருளும். உட்காரும் எலும்புகள்மேல் இருக்க வேண்டிய பாரம் வால் எலும்புக்குப் போகும். இடுப்பு போன வழியில் முதுகும் போகும். ஆகவே கூனுக்கு வைத்தியம் காலுக்குக் கீழே இருக்கிறது. ஒரு பலகை, சாக்கில் சுற்றிய இரண்டு செங்கல், கயிறு போட்டுக் கட்டிய பழைய புத்தகங்கள், எது வேண்டுமானாலும் சரி. பாதம் முழுசாக எதன்மேலாவது பதிய வேண்டும். அடுத்தது மேசை. கை மடக்கினால் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறதோ மேசையும் ஏறக்குறைய அந்த உயரம். அதைவிட உயர்ந்தால் தோள் காதுக்கு ஏறும். மூன்றாவது கண். எழுத்து தெரியாத பிள்ளை நோட்டுக்குள் மூக்கை வைக்காமல் என்ன செய்யும்? கண்ணாடி போட்ட அடுத்த வாரமே நிமிர்ந்துவிட்ட பிள்ளைகள் எனக்குத் தெரியும்.

தரையில் குந்துகிற பிள்ளைக்கு இன்னொரு சூட்சுமம். காலை நேராக நீட்டி உட்கார்ந்தால் தொடையின் பின்பக்கத் தசை இழுபடும். அது இடுப்பெலும்பில் கட்டிய கயிறு மாதிரி. இறுக்கமாக இருந்தால் இடுப்பைப் பின்னால் இழுத்து முதுகைக் கூன வைக்கும். சம்மணம் போடும்போது பின்புறத்துக்கு மட்டும் ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்து வைத்தால் இடுப்பு முன்னால் சாயும், முதுகு தானாக எழும். யாரும் அதட்ட வேண்டியதில்லை. சில பிள்ளைகள் முட்டியை முன்னால் வைத்து, காலை இரண்டு பக்கமும் தவளை மாதிரி விரித்துக் குந்தும். ஆயாக்கள் தொடையில் தட்டுவார்கள். பிறவியிலேயே தொடையெலும்பு கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருக்கும் பிள்ளைக்கு அதுதான் சுகம். வளர வளரப் பெரும்பாலும் சரியாகிவிடும். வேறு எந்த விதத்திலும் உட்கார முடியாமல் அப்படி மட்டுமே உட்கார்ந்தால், அப்போது என்னைக் கூப்பிடலாம்.

நிமிரவைக்கும் வெறி நமக்கு மட்டும் உரியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கட்டாயப் பள்ளி வந்து, பிள்ளைகள் மணிக்கணக்கில் பெஞ்சில் அடைபட்டதும் மருத்துவர்களுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஜூரிக்கில் ஃபார்னர் 1865இல் பிள்ளையும் பள்ளி மேசையும் பற்றி ஒரு நூலே எழுதினார். பிரெஸ்லாவில் ஹெர்மன் கோன் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து 1867இல் வெளியிட்டார். அவர்கள் மேசையைத் திருத்தப் பார்த்தவர்கள். லைப்சிக் நகரத்து மோரிட்ஸ் ஷ்ரேபர் பிள்ளையைத் திருத்தப் பார்த்தார். மேசையில் ஒரு இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, அது நெஞ்சுக்கு எதிரே நிற்கும்படி செய்தார். குனிந்தால் எலும்பில் இடிக்கும். தூங்கும்போதுகூடப் பிள்ளை நேராக மல்லாந்திருக்க வார்கள் வைத்திருந்தார். அவருடைய மகன் டேனியல் பால் ஷ்ரேபர் நீதிபதியானார், பிறகு மனநோயாளியானார். 1903இல் தன் நோயைப் பற்றி அவர் எழுதி வெளியிட்ட நினைவுக்குறிப்புகளை வைத்துத்தான் 1911இல் ஃபிராய்ட் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அப்பாவின் சட்டங்கள்தாம் மகனை நோயாளியாக்கின என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நெஞ்சுக்கு எதிரே இரும்பு நிற்கும் ஒரு குழந்தைப் பருவத்தை நினைத்துப் பார்க்கலாம்.

நூறு வருடம் கழித்து டென்மார்க்கில் ஏ. சி. மண்டல் என்ற அறுவை மருத்துவர் வகுப்பறைகளில் வேறொன்றைப் பார்த்தார். பிள்ளைகள் நாற்காலியின் முன்னங்கால்கள் இரண்டின்மேல் சாய்ந்து ஆடுகிறார்கள், ஆசிரியர்கள் அதட்டுகிறார்கள். தொடை முன்பக்கம் சரிந்தால் இடுப்பும் முன்னால் உருளும், கீழ்முதுகு தன் இயல்பான வளைவுக்குத் திரும்பும், பிள்ளைகளின் உடம்பு அதைத்தான் தேடுகிறது என்றார் அவர். இன்று என் துறையில் இருப்பவர்களில் பலர் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டோம். சரியான ஒரே இருக்கை நிலை என்று ஒன்று கிடையாது. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் தொந்தரவு. நெளிகிற பிள்ளை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற பிள்ளை, ஒரு காலை மடித்துக் குந்தி இன்னொன்றைத் தொங்கப் போடுகிற பிள்ளை, இவர்களெல்லாம் தங்கள் முதுகைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்கள்.

இந்த ஊருக்கும் பிள்ளைகளை உட்காரவைத்ததில் ஒரு சரித்திரம் இருக்கிறது. திருபுவனையின் பழைய பெயர் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம். வரதராஜப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1048ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இங்கே நடந்த ஒரு கல்லூரியில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்ததாகச் சொல்கிறது. தெற்கே பாகூரில், அதற்கும் முன்னால், பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தருகிறது. கோயிலைக் கடக்கும்போதெல்லாம் அந்த 260 பேரையும் நினைத்துக்கொள்வேன். தொழில் புத்தி. அத்தனை பேரும் சம்மணம் போட்டுத் தரையில், மனப்பாடம் செய்யும்போது முன்னும் பின்னும் ஆடியபடி இருந்திருப்பார்கள். முதுகுக்கு அந்த ஆட்டம் நல்லது. கூடவே இன்னொரு நினைப்பும் வரும். அது வேதக் கல்லூரி. அங்கே குந்த யாருக்கு இடம் இருந்தது?

உட்காருவது நம் ஊரில் எலும்பு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. அம்பேத்கர் பள்ளியில் மற்றவர்களோடு உட்கார முடியாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியில் தனியாக உட்கார்ந்ததை எழுதியிருக்கிறார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவராக இருந்த ஒரு தலித் பெண், கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியே வந்தது. ‘மாமன்னன்’ படத்தில் மொத்தக் கதையும் ஒரு நாற்காலியைச் சுற்றித்தான் சுழல்கிறது. யார், எங்கே, எந்த உயரத்தில், எவர் பக்கத்தில் உட்காரலாம் என்பதை முடிவுசெய்த பிறகுதான் நாம் முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்க வருகிறோம்.

2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை வகுப்பறைகளில் ‘ப’ வடிவில் பெஞ்சுகளைப் போடச் சொன்னது. ஒரு மலையாளப் படத்தின் பாதிப்பில் வந்த யோசனை. கடைசி பெஞ்சு என்று ஒன்றே இருக்கக் கூடாது என்பது நோக்கம். உடனே மருத்துவர்கள் சிலர், பக்கவாட்டில் உட்காரும் பிள்ளை நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே வைத்திருக்க வேண்டுமே என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குப் பட்டது. பிள்ளைகளை வாரத்துக்கொரு முறை இடம் மாற்றினால் கழுத்துப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கடைசி பெஞ்சுப் பிரச்சினைக்கு அவ்வளவு சுலபமான வைத்தியம் இல்லை.

பை விஷயமும் இப்படித்தான். ஆர். கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் தன் முதல் உரையையே பள்ளிப் பிள்ளைகளின் பைச் சுமைக்கு ஒதுக்கினார். யஷ்பால் குழு 1993இல் அறிக்கை தந்தது. 2020இல் வந்த தேசியப் பைக் கொள்கை, பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றது. இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. வீட்டிலிருக்கும் தராசில் ஒருநாள் வைத்துப் பாருங்கள். பைதான் பக்கவளைவை உண்டாக்குகிறது என்பது தவறு. பை கனமாக இருந்தால் பிள்ளைக்கு வலிக்கும் என்பது சரி. அதைக் குறைக்க வலி ஒன்றே போதுமான காரணம்.

இத்தனை கவலையும், கொள்கையும், படமும், உட்காரத் தெரிந்த பிள்ளைகளுக்கானவை.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஏழாவது படிக்கும் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மா படம் அனுப்பியிருந்தார், அதே கேள்விக்குறி முதுகு. குனியச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. காலுக்குப் பலகை போடச் சொல்லிவிட்டு எழுந்தபோது, கதவுக்குப் பின்னால் பாயில் ஒரு பையன் மல்லாந்து கிடப்பதைக் கண்டேன். ஐந்து வயது முடிந்திருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, அந்தப் பக்கத்துக் கை நீண்டு, மறு கை மடங்கி இருந்தது. மூளைவாதம். அக்காவின் முதுகுக்காக என்னைக் கூப்பிட்டவர்களுக்குத் தம்பியைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது என்று எப்போதோ முடிவாகியிருந்தது.

"இவன யாராச்சும் பாத்தாங்களா?"

அம்மா சோற்றுப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆயாதான் பேசினார். "பாக்காத எடமில்ல கண்ணு. சின்னதுல தூக்கிக்கினு எங்கெல்லாம் போனோம். சப்பாணியா ஆனாக்கூடப் போதும்னு வேண்டிக்கினேன். குந்திக்கினே நவுந்தாக்கூட வாசலுக்கு வருமே. அதுவும் இல்ல. படுக்கதான்."

சப்பாணி என்ற சொல்லை நான் அதுவரை வசவாக மட்டும்தான் கேட்டிருந்தேன். ‘16 வயதினிலே’ வந்த 1977க்குப் பிறகு அது இன்னும் பரவியிருக்கும். அதை ஒருவர் பேரனுக்கு வரமாகக் கேட்பார் என்று நினைத்ததில்லை.

பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் இன்னொரு முகம் தெரியும். ஐந்தாம் மாதம் செங்கீரை. குழந்தை கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலை நிமிர்ந்து ஆடும். ஒன்பதாம் மாதம் சப்பாணி. இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டும். பெரியாழ்வார் கண்ணனைச் சப்பாணி கொட்டச் சொல்லிப் பாடியிருக்கிறார். கை கொட்ட வேண்டுமானால் இரண்டு கையும் தரையை விட்டு எழ வேண்டும். அதாவது, ஊன்றுதல் இல்லாமல் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் வளர்ச்சி அட்டவணையில் வைத்திருக்கும் கணக்கும் இதுவேதான். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து, பிடிமானமில்லாமல் உட்காருவதற்குத் தந்திருக்கும் கால அளவு 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. கை ஊன்றாமல் உட்கார்ந்தால்தான் அதில் கணக்கு. நம் புலவர்கள் அந்தக் கடைசி எல்லையில் ஒரு கைத்தட்டலை வைத்தார்கள்.

அந்த வீட்டில் அன்று இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தேன். முதலில் ஆயா அவனுக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்தேன். மடியில் மல்லாத்திப் போட்டு, தலை பின்னால் சரிய, கரைத்த சோறு. ஒவ்வொரு இரண்டு வாய்க்கும் இருமல். மாசத்துக்கு ஒரு காய்ச்சல் வருவதாகச் சொன்னார்கள். தலை பின்னால் மடிந்தால் மூச்சுக்குழாயின் வாசல் திறந்தபடி நிற்கும், சோறு தவறான வழியில் நுரையீரலுக்குள் போகும். காய்ச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இந்தப் பிள்ளைக்கு உட்காருவது அழகுக்காக இல்லை. சாப்பிடுவதற்கு, மூச்சுக்கு.

பிறகு அவனைப் படுக்கவைத்து இடுப்பு எவ்வளவு மடங்குகிறது, முட்டி எவ்வளவு நீள்கிறது, தொடைகள் எவ்வளவு விரிகின்றன என்று அளந்தேன். உட்காரும் நிலைக்கு உடம்பு வருமா என்று படுக்கையில்தான் முதலில் தெரியும். வந்தது. அவனை என் முன்னால் உட்காரவைத்து, முதுகைத் தொடாமல், இடுப்பெலும்பை மட்டும் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தேன். கொஞ்ச நேரம் தலை மார்பில் தொங்கியது. அப்புறம் மெதுவாக எழுந்தது. ஒன்று, இரண்டு என்று அக்கா எண்ணினாள். பதினொன்றில் விழுந்தது. கழுத்தில் பலமே இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கழுத்து நிற்பதற்குக் கீழே ஒரு திடமான இடம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அவனுக்கு வேண்டியது மூலை நாற்காலி. இரண்டு பலகைகளை, சுவர் மூலை மாதிரி செங்கோணமாகச் சேர்த்து, அதற்குள் உட்காரவைப்பது. முதுகு மூலையில் பொருந்தும். பக்கப் பலகைகள் இரண்டு தோளையும் முன்னால் தள்ளும். பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும் கைகள் முன்னால் வரும். டேவிட் வெர்னர் மெக்சிகோ கிராமங்களில் வேலை செய்து 1987இல் எழுதிய ‘ஊனமுற்ற கிராமக் குழந்தைகள்’ பற்றிய நூலில் இதைப் போல, ஊர் மரத்தில் ஊர்த் தச்சர் செய்யக்கூடிய பல இருக்கைகளைப் படத்தோடு தந்திருக்கிறார். எங்களுக்கும் ஓர் ஆசாரி கிடைத்தார். பழைய கதவுப் பலகை இருந்தது. அளவுக்கு அம்மா தையல் நூலை எடுத்து முடிச்சுப் போட்டார். இடுப்பகலம் ஒரு முடிச்சு, பக்கத்துக்கு ஒரு விரல் சேர்த்து. பின்புறத்திலிருந்து முட்டிக்குப் பின்னால்வரை ஒன்று, இரண்டு விரல் குறைத்து. குந்துகிற இடத்திலிருந்து முழங்கைவரை ஒன்று. ஆசாரி நூலை வாங்கிப் பார்த்துவிட்டு, "காலு எவ்ளோ உசரம் வெக்கட்டும்?" என்றார். கால் வேண்டாம், தரையோடு இருக்கட்டும் என்றேன்.

இடுப்புப் பட்டையில்தான் தகராறு. ஆயா துண்டை எடுத்து வயிற்றில் கட்டினார். வயிற்றில் கட்டினால் பிள்ளை அடியில் சறுக்கிப் போகும், பட்டை நெஞ்சுக்கு ஏறும். தொடையும் இடுப்பும் மடிகிற கோட்டில், சாய்வாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். முட்டிகளுக்கு நடுவே ஒரு துண்டுச் சுருள். தொடைகள் ஒட்டிக்கொண்டே இருந்தால் இடுப்பு மூட்டு மெல்ல நழுவும். நடக்காத பிள்ளைகளுக்கு அந்த அபாயம் அதிகம், அதனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாற்காலி எலும்பைக் காப்பாற்றும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. முதல் நாள் ஐந்து நிமிடம் அழுதான். மூன்றாம் நாள் வாசலில் ஆடுகள் போனதால் அழ மறந்துவிட்டான். ஒரு மாதத்தில் இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம், மாற்றிப் படுக்கவையுங்கள் என்றேன். அவனுக்கும் ஒரே நிலை ஆகாது, மற்ற பிள்ளைகளைப் போலத்தான்.

இருமல் குறைந்தது. சோறு கரைக்காமல், மசித்துத் தரும் அளவுக்கு வந்தது. பிறகு ஒருநாள் அம்மா கேட்டார். "பள்ளிக்கோடம் சேத்துப்பாங்களா மேடம்?"

2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை, பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிக்க அவனுக்கு உரிமை உண்டு. சட்டத்தை நான் சொன்னேன். பள்ளியில் முதலில், பேர் எழுதிக்கொள்கிறோம், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். அம்மா விடவில்லை. இரண்டாம் முறை போனபோது ஒரு ஆசிரியர் கேட்டது கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. "ஒண்ணாவது புள்ளைங்க எல்லாம் கீழ பாய்லதாம்மா குந்துதுங்க. இவனுக்கு மட்டும் நாற்காலி போட்டா நல்லாவா இருக்கும்?"

"அதுக்குக் காலே இல்ல சார்," என்றார் அம்மா. "எல்லா புள்ளைங்களுக்கும் சமமாத்தான் குந்துவான்."

வாரத்தில் மூன்று நாள், காலை இரண்டு மணி நேரம் போகிறான். அக்கா முன்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவாள், அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால். மாற்றி நாற்காலி செய்து பள்ளியிலேயே ஒன்று போடலாம் என்று பேச்சு நடக்கிறது. பாட்டு நேரத்தில் எல்லோரும் கை தட்டும்போது அவன் வலக்கை நடுவரைக்கும் வரும், இடக்கை பாதியில் நிற்கும். பக்கத்துப் பிள்ளை ஒன்று தன் கையைக் கொண்டுபோய் அவன் வலக்கையில் தட்டிவிட்டு வரும். அதற்கும் சத்தம் வருகிறது.

போன மாதம் நூலை மறுபடி எடுத்தோம். முட்டி முடிச்சு இரண்டு விரற்கடை தள்ளிப் போயிருக்கிறது. ஆசாரிக்குப் புது அளவு கொடுத்தாயிற்று. பழைய நாற்காலியை உடைத்துப் பலகையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். திருவண்டார்கோவிலில் மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பலகையை இழைத்து, பக்கத்துக்கு ஒரு கட்டை சேர்த்தால் அவளுக்குச் சரியாக இருக்கும்.